நான் தள்ளிய குரல்

மஜெங்கோ, மொம்பாசா
வெள்ளிக்கிழமை

அன்புத் தங்கை நிசிமிரேவுக்கு,

கிகோமாவில் நீயும் உன் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும் என்று தொழுதுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் ஃபோன் எண்ணை நீ தடுத்து வைத்திருப்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். அந்தப் பக்கம் துணி விற்க வரும் சலாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். பிரித்துவிட்டால் முழுக்கப் படித்துவிடு.

நீ போன பிறகும் நம் தையற்கடை நடக்கிறது. உன் மெஷினில் யாரையும் உட்கார வைக்கவில்லை. பள்ளிச் சீருடைக்கு நாள் நெருங்குகிறது. நான் தைத்ததையே இரண்டு தடவை பிரித்துக்கொண்டிருக்கிறேன். மனம் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது.

ஃபோனில் கிஸ்வாஹிலி மொழி வாக்கியங்களைப் படிக்கச் சொல்லி நம் குழு பதிந்து சேர்த்த குரல்களை வைத்து ஒரு கருவி செய்தார்களே, போன புதன்கிழமை அதை மருத்துவமனையில் வைத்தோம். நோயை வாயால் சொன்னால் எழுதிச் சீட்டுக் கொடுக்கும். கடற்கரைக்காரர்கள் பேசப் பேச அழகாக எழுதியது. நான் பெருமையாக நின்றேன். அப்புறம் காங்கோவில் உங்கள் புக்காவுப் பக்கத்துப் பெண் ஒருத்தி காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பிள்ளை என்பதற்கு நாங்கள் 'ம்டோட்டோ' என்போம். அவள் உன்னைப் போலவே 'முடோட்டோ' என்றாள். மூன்று தடவை சொல்லியும் கருவிக்குப் புரியவில்லை. பின்னால் நின்றவர்கள், "சீக்கிரம் தாயே, நாங்களும் நோயாளிங்கதான்" என்றார்கள். அவள் என்னைப் பார்த்து, "ஏம்மா, இதுக்குக் காது கேக்கலையா, இல்ல எங்களைப் பிடிக்கலையா?" என்று கேட்டுவிட்டு வெளியே போனாள். வாசலிலேயே பிள்ளைக்கு வலிப்பு. நான் வாங்கிக்கொண்டு நர்ஸிடம் ஓடினேன். பிள்ளை பிழைத்துவிட்டது.

எனக்குத்தான் தூக்கம் இல்லை.

குழுவில் பதிவுகளைக் கேட்டுச் சரி, வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்லும் வேலையில் இருந்த நான் உன் பதிவுகளை வரிசையாகத் தள்ளியபோது, நீ என்னிடம்தானே வந்து, "அக்கா, யாரோ ஒண்ணுவிடாம என்னைத் தள்ளுறாங்க. நான் பேசுறது கிஸ்வாஹிலி இல்லையா?" என்று கேட்டாய்? "உன் ஃபோன்ல மைக் சரியில்லடி" என்றேன். பிறகு என்னோடு பதிவுகளைக் கேட்ட ருகியா சொல்லி உண்மை தெரிந்ததும், பதிவில் பேர் இல்லை, யார் குரல் என்று தெரியாமல் தள்ளிவிட்டேன் என்று அழுதேன். அதுவும் பொய். முதல் வாக்கியத்திலேயே தெரிந்தது. ஆறு வருஷம் கடையில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட குரல் தெரியாமல் போகுமா? மொழி எங்கள் கரையில் பிறந்தது என்ற திமிர். இரண்டு பேர் வேண்டாம் என்றால்தான் பதிவு கழியும் என்பதால், ருகியாவையும் தள்ளச் சொன்னதே நான்தான்.

நேற்றுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் இதைச் சொன்னேன். ருகியா மட்டும், "எங்ககிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றாள். இனி உச்சரிப்புக்காக யாரையும் தள்ளக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். உன் முந்நூற்றுப் பதினெட்டுப் பதிவுகளையும் உங்கள் ஊர்க்காரர்களே மறுபடி கேட்கிறார்கள். தீர்ப்புச் சொல்லும் வேலையிலிருந்து நான் விலகிவிட்டேன்.

எங்களுக்காக மறுபடி வாக்கியம் படித்துக் கொடு என்று கேட்க எனக்கு வாயில்லை. கிகோமா ஏரிக்கரையில் மழையாம், அம்மாவுக்கு மூச்சிரைப்பு வராமல் பார்த்துக்கொள். அல்லாஹ் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

சலாமா அங்கே இரண்டு நாள் இருப்பாள். எழுதப் பிடிக்காவிட்டால், என்னைத் திட்டி அவள் ஃபோனில் பேசி அனுப்பு. எவ்வளவு நீளமானாலும் கடைசிவரை கேட்பேன்.

ம்வானகொம்போ