இரண்டாவது ஒப்புதல்

ஜொகூரின் மூவார் ஊரில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் நெட்வொர்க்கைச் சரிபார்க்கப் போயிருந்தேன். வார்னிஷ் நெடி தலையை வலிக்க வைத்தது. மூலையில் கிடந்த கறுப்புப் பெட்டியை அணைத்து மறுபடி போட்டதும் மூன்று முறை பீப் அடித்தது. நீ வைத்த பீப். வெளியே அந்தக் கம்பெனியின் ஸ்டிக்கர். உள்ளே நாம் இருவரும் எழுதி இலவசமாகத் திறந்து வைத்த லினக்ஸ் ஃபயர்வால். நம் பெயரை அழித்தவர்களுக்கு அந்தச் சத்தத்தை அழிக்க இன்னும் தெரியவில்லை.

இவர்களைப் பற்றித்தான் ஆயர் ஈத்தாம் ஊரின் மாமாக் சாப்பாட்டுக் கடையில் சண்டை போட்டோம். "சும்மா எடுத்து வித்துத் திங்கிறானுங்க" என்று நான் கத்தினேன். "தொறந்து வச்சிட்டு யாரும் எடுக்கக்கூடாதுன்னா எப்படி லா? காசு வேணும்னா நாசி லெமாக் சோறு வில்லு மச்சான்" என்றாய்.

எல்லாவற்றிலும் தாராளம், ஒன்றில் மட்டும் பிடிவாதம்: எழுதியவனே தன் கோட் மாற்றத்தை வெளியிடக் கூடாது. இன்னொருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும். "எழுதினவன் கண்ணுக்கு அவன் தப்பு தெரியாது."

அந்த இன்னொருவன் நீதான். சிங்கப்பூர் வேலைக்கு விடியலில் மோட்டார் சைக்கிளில் ஓடுகிற கூட்டத்தில் ஒருவனாக, மழையில், லாரிச் சக்கரத்தில் போனாய். ஜொகூரில் வாழத் தக்க சம்பளம் கொடுத்திருந்தால் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்திருப்பாய். செய்தியில் உன் கவனக்குறைவு என்றார்கள்.

நீ போன பிறகு லாகின் பக்கத்தில் ஓர் ஓட்டை தெரிந்தது. கடவுச்சொல் இல்லாமலே எவனும் நுழையலாம். திருத்தத்தை எழுதிவிட்டேன், படிக்க ஆளில்லை. பயன்படுத்துகிறவர்கள் ஆயிரம் பேர், உழைத்தது நாம் இரண்டே பேர். உன் விதியை நீக்க எனக்கு அதிகாரம் இருந்தது. நீக்கவே உட்கார்ந்தேன்.

அப்போது ஸ்டிக்கர் கம்பெனியின் டெக்னீஷியன் போனில் கூப்பிட்டான்.

"பாஸ், அப்டேட் எங்க? கஸ்டமர்லாம் ஏசுறாங்க. உங்க பார்ட்னர் நம்பர் கொடுங்க, அவர்ட்ட பேசிக்கிறேன்."

"அவன் செத்துட்டான்."

"சாரி பாஸ்." பிறகு, "அப்போ அப்டேட்?"

போனை எறிந்திருப்பேன். "நீயே படி" என்றேன். "கோட் அங்கேதான் இருக்கு. படிச்சு ஒப்புதல் கொடு. இல்லன்னா கஸ்டமர்ட்ட நீயே பதில் சொல்லு."

"அது என் வேலை இல்லயே பாஸ்."

"என் வேலையும் இல்ல. எனக்கு எவன் சம்பளம் கொடுக்கிறான்?"

முனகிக்கொண்டே படித்தான். மறுநாள் அழைத்தான். "பாஸ், பழைய செஷனை நீங்க மூடலயே. ஏற்கெனவே நுழைஞ்சவன் உள்ளேயே உட்கார்ந்திருப்பான்."

சரிதான். அவன் சொன்னது சரியாக இருந்ததே எரிச்சலாக இருந்தது. திருத்தினேன். அவன் ஒப்புதல் தந்தான். வெளியிட்டோம்.

அந்தக் கம்பெனியை நான் மன்னிக்கவில்லை. நன்றி என்று ஒரு வார்த்தை அவர்களிடமிருந்து வரவில்லை, வரப்போவதும் இல்லை. உன் பெருந்தன்மை எனக்கு ஒட்டவில்லை, அதை நீயே கொண்டுபோய்விட்டாய். விதியை மட்டும் விட்டுப் போனாய்.

இன்று காலை அந்த டெக்னீஷியன் தானாக எழுதிய முதல் மாற்றம் ஒன்று என் ஒப்புதலுக்கு வந்து நிற்கிறது. பாதி குப்பை. வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.