ஏழாம் பாட்டில்

அக்டோபர் 3, வெள்ளி

தோட்ட வடிவமைப்பு என்றால் வரைவதுதான் என்று நினைத்துக் கல்லூரியில் சேர்ந்தேன். வரைபடத்தில் வகுப்பிலேயே நான்தான் முதல். ஆனால் வெள்ளிதோறும் இந்த பாட்டில் பரீட்சை! இருபது ஜாம் பாட்டில்களில் இருபது கிளைகள். ஒவ்வொன்றுக்கும் லத்தீன் பெயர் எழுத வேண்டும். பதினைந்து எடுத்தால் தேர்ச்சி. இன்று எனக்கு ஒன்பது.

மூன்று முறை தோற்றால் படிப்பை விட்டுவிட வேண்டியதுதான்.

கணவரின் அக்கா எங்களோடுதான் இருக்கிறார், மாடி அறையில். "நாப்பத்தோரு வயசுல பையை மாட்டிக்கிட்டுப் போற. செடிக்குப் பேர் சொல்லத் தெரியலையா?" என்றார். இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

பதினொன்று. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு.

அக்டோபர் 12, ஞாயிறு

லத்தீன் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது. சொந்தக்காரர்கள் மட்டும் ஒருவர் விடாமல் நினைவில் இருக்கிறார்கள். செடிகளையும் சொந்தமாக்கிக்கொண்டால் என்ன?

ஹெடெரா, சுவரில் படரும் கொடி — பெரியப்பா. ஒரு சுவரைப் பிடித்தால் லேசில் கிளம்ப மாட்டார். லவாண்டுலா, அதாவது லாவெண்டர் — என் கணவர். வெயிலில் விட்டுவிட்டால் போதும், தண்ணீர்கூடக் கேட்க மாட்டார். பெர்பெரிஸ் — நாத்தனார். முள் மூன்று மூன்றாக இருக்கும். அவரும் ஒரு பேச்சுக்கு மூன்று குத்து.

இந்த நோட்டு அவர் கண்ணில் பட்டால் நான் தொலைந்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

நாத்தனாரே செடிப் படங்களைக் காட்டிக் கேள்வி கேட்டார். பெர்பெரிஸ் வந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"என்னடி சிரிப்பு?"

"ஒண்ணுமில்லக்கா, இருமல்."

சமையலையும் அவரே பார்த்துக்கொண்டார். முறைத்துக்கொண்டேதான்.

அக்டோபர் 17, வெள்ளி

ஐயோ. ஐயையோ.

பேப்பரைக் கொடுத்துட்டு வெளிய வந்து பத்தடி நடந்தப்புறம்தான் — ஏழாம் பாட்டிலுக்கு என்ன எழுதினேன்? பெர்பெரிஸ்னா எழுதினேன்? இல்ல. "நாத்தனார்"னு எழுதி வெச்சிருக்கேன்!

மாலையில் ஆசிரியை கூப்பிட்டார். பதினாலரை மார்க். ஒரு பேரில் எழுத்துப்பிழைக்கு அரை போயிருந்தது. "ஏழுக்கு ஒரு பேர் எழுதியிருக்கீங்க. நான் கேள்விப்பட்டதே இல்லையே?" சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

உளறிக் கொட்டினேன். "உடம்பெல்லாம் முள்ளு மேடம். கிட்டப் போனா குத்தும். ஆனா நிழலோ, குளிரோ, காஞ்ச மண்ணோ, எங்க வெச்சாலும் தாங்கும். காத்தைத் தானே வாங்கிக்கிட்டு உள்ள இருக்கிறதைக் காப்பாத்தும்."

சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நான் யாரைப் பற்றிப் பேசுகிறேன்? நான் படிக்கப் போனதிலிருந்து வீட்டைத் தாங்குவது யார்?

"பேர் தப்பு, அடையாளம் சரி. அரை மார்க்," என்றார் ஆசிரியை.

பதினைந்து. தப்பித்தேன்.

அக்டோபர் 18, சனி

மனசு கேட்கவில்லை. பேப்பரை நாத்தனாரிடமே கொடுத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"முள்ளுச் செடியா நான்?"

"ஆமாக்கா."

"அதுக்கும் அரை மார்க்தானா?"

விடுவிடுவென்று மாடிக்குப் போய்விட்டார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. எனக்கு அழுகையாக வந்தது.

அக்டோபர் 25, சனி

ஒரு வாரமாக ஒரு குத்துப் பேச்சுகூட இல்லை. வீடு வீடாகவே இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

எங்கள் வீட்டு முன்புறத்தையே முதல் திட்டமாக எடுத்துக்கொண்டேன். எல்லாம் அமைந்துவிட்டது, வாசலோரத்து மூலையைத் தவிர. அங்கே அடிக்கிற காற்றுக்கு எந்தச் செடியும் நிற்காது. வரைபடத்தை மேசையில் விரித்து, பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து ஒரு விரல் வந்து அந்த மூலையைத் தொட்டது.

"என்னை இங்க வை."

பெர்பெரிஸ் கன்று ஒன்று வாங்கிவந்து மாலையில் நட்டோம். நான் தோண்டிய குழி ஆழம் போதாதாம், மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லையாம், இதைத்தான் கல்லூரியில் சொல்லித் தருகிறார்களா என்று கேள்வி வேறு. எண்ணிப் பார்த்தேன். மூன்று.