சிவப்பு ஒயர்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

சார்ஜ் விளக்குக்குச் சிதம்பரத்தில் புது பேட்டரி வாங்கி வந்தேன். என் வீட்டுக்காரருக்கு இப்போது பொடி ஒயர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் பற்றவைத்தேன். கீரப்பாளையத்தில் பாதி வீட்டுக்கு வயரிங் செய்தவர் அவர்.

“செவப்பு ஒயர மைனஸ்ல வை,” என்றார்.

“மைனஸ்லயாங்க?”

“ஆமா. எனக்குத் தெரியாதா?”

அவருக்குத் தெரியாமல் பிளஸ்ஸில் வைத்தேன். விளக்கு எரிந்தது.

“பாத்தியா, நான் சொன்ன மாதிரி செஞ்ச, எரியுது.”

சிரித்தேன். ஆனால் நாளைக் காலையில் ஒரு வீட்டில் மெயின் போர்டு மாட்டப் போகிறார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

“நானும் கூட வர்றேங்க,” என்றேன்.

“நீ எதுக்கு?”

“வேல கத்துக்கலாம்னுதான்.”

அவருக்கு ஒரே சந்தோஷம். இப்போதே டூல்ஸ் பையை எடுத்து வைத்துவிட்டார்.