அண்ணன் குரலில் ஒரு கோல்

நவம்பர் 2, ஞாயிறு

மரண அறிவித்தல். நோர்வூட் பஜாரைப் பிறப்பிடமாகவும் எனது இடது காலை வசிப்பிடமாகவும் கொண்ட செருப்பு, இன்று காலை தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வார் அறுந்து காலமானது. அன்னார் வலது செருப்பின் அன்புத் துணைவர். உற்றார், உறவினர், லயத்து நாய்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்.

வாசித்துக் காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை. அண்ணன் திலக்ஷன் போனில் கோல் எடுத்து மூன்று ஞாயிறு ஆகிறது. அவனுக்குக் கடலுக்குள் கரண்ட் எடுக்கும் காற்றாடி நடுகிற வேலை. ஒவ்வொன்றும் எங்கள் கொழுந்து மலை உயரமாம். வகுப்பில் நான் சொல்லி வைத்திருப்பது வேறு: ஹட்டனில் காற்றடித்தால், எங்கண்ணன் சுவிட்ச் போட்டுவிட்டான் என்று அர்த்தம்.

நவம்பர் 5

சாதனை! வகுப்புத் தோழன் துஷாந்தின் போனிலிருந்து அண்ணன் குரலில் அம்மாவோடு பேசினேன். மூக்கை லேசாகப் பிடித்து, ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் ஒரு "ம்ம்" போட்டால் திலக்ஷன் தயார்.

"ம்ம்... கடலுக்குள்ள சிக்னல் இல்லம்மா. இது கூட்டாளி போன்."

"சாப்டியா பெரியவனே?"

அப்புறம்தான் அம்மாவும் சாப்பிட்டார்.

இந்தத் தொண்டையில் வராத குரல் கிடையாது. போன மாதம் தோட்டத்து மேற்பார்வைக் கண்டாக்கையா குரலில் "இன்னைக்கி வேல இல்ல" என்று காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் பின்னால் நின்று கத்தினேன். ஆறு பேர் கூடையோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். ஆறு!

நவம்பர் 16

இரண்டாவது கோல். "காத்து பலமா அடிக்குதாப்பா?" என்றார். "ம்ம்... காத்துக்குத்தானம்மா வந்திருக்கோம்." என்ன பதில்! எனக்கே கைதட்டத் தோன்றியது.

துஷாந்த் மட்டும், "பாவம்டா லோஜன்" என்றான். அவனுக்கு ரசனை இல்லை.

நவம்பர் 20

அசல் அண்ணனே கோல் எடுத்தான். அம்மா மலையில், நான்தான் பேசினேன். "நீ இங்க அடிக்கடி பேசுற, தெரியுமா?" என்று விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"டேய் வாயாடி, அப்ப நான் நிம்மதியா வேலயப் பாக்குறேன். பொங்கலுக்கு வர்றேன். அதுவரைக்கும் நீயே நானா இரு."

நவம்பர் 26

மழை. ஐந்தாம் நாள்.

நவம்பர் 27

எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மலை வெடித்திருக்கிறது. வெடிப்பில் என் கை நுழைந்தது.

பாதுகாப்புக்கு எல்லோரையும் ஸ்கூலுக்குப் போகச் சொல்லி மாரியம்மன் கோயில் மணியை விடாமல் அடித்தார்கள். அம்மா அசையவில்லை. கடலில் புயல் என்று ரேடியோவில் சொன்னதிலிருந்து பின் ஜன்னலில் போனோடு நிற்கிறார். அவர் சிம்முக்கு அங்கு மட்டும்தான் சிக்னல்.

"அவன் எடுப்பான்டா. நீ மூட்டையத் தூக்கிக்கிட்டு முன்னால போ."

கோயில்வரை ஓடினேன். துஷாந்திடம் போனை வாங்கினேன். மூக்கைப் பிடித்தேன்.

"ம்ம்... அம்மா, நான் கரைக்கு வந்துட்டேன். நீங்க ஸ்கூலுக்குப் போங்க. இப்பவே போங்க."

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு, "சரிப்பா. தம்பிய நனையாம இருக்கச் சொல்லு" என்றார்.

வந்துவிட்டார். முக்கால் மணி நேரத்தில் மலை இறங்கியது. இப்போது எங்கள் லயம் இருந்த இடத்தில் சேறுதான் இருக்கிறது. ஆள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நவம்பர் 28

அம்மா உயிரோடு இருப்பது என் மிமிக்ரியால். வாழ்நாள் சாதனை. வெளியில் சொல்லத்தான் முடியாது.

டிசம்பர் 4

இன்றுதான் சிக்னல் வந்தது. முதல் கோல், அண்ணனோடு வேலை செய்யும் சிங்களப் பையன். நல்லவேளை, போன் என் கையில் இருந்தது. புயலுக்கு முன்னால் ஆட்களைக் கரைக்கு ஏற்றி வந்த போட் கவிழ்ந்ததாம். ஒன்பது பேரில் எட்டுப் பேர் கரையேறினார்களாம். தேடுகிறார்களாம்.

எந்தத் தேதி என்று கேட்டேன். இருபத்தாறு.

நான் "கரைக்கு வந்துட்டேன்" என்று சொன்னது இருபத்தேழு.

டிசம்பர் 5

அம்மாகிட்ட எப்புடிச் சொல்றது? எந்தக் கொரல்ல சொல்றது?

டிசம்பர் 7

சொல்லிவிட்டேன். ஸ்கூலில் பாய் மடித்துக்கொண்டிருந்தார். போட்டைப் பற்றிச் சொன்னேன். பிறகு, "அன்னைக்கிப் பேசுனது அண்ணன் இல்லம்மா. நான்" என்றேன்.

"தெரியும்."

பாயைச் சுவரில் சாய்த்தார்.

"ஒரு காதுல போனு, மத்தக் காதுல ஜன்னலு. ரெண்டுலயும் ஒரே மணி. கடலுக்குள்ள ஏதுடா நம்ம மாரியம்மா கோயிலு?"

"அப்பறம் ஏம்மா வந்தீங்க?"

"வரலன்னா நீ திரும்பி ஓடியாந்திருப்பியே."

அதற்குப் பிறகுதான் அழுதார்.

டிசம்பர் 14

தேடுவதை நிறுத்திவிட்டார்கள். கோயில் தலைவர் மரண அறிவித்தல் எழுதித் தரச் சொன்னார். "நீதான் நல்லா எழுதுவியே தம்பி." பிறப்பிடம் எழுதினேன். வசிப்பிடம் என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. துஷாந்திடம் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

அம்மா இன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அவன மாதிரி ஒரே ஒரு தடவ பேசு சாமி."

மூக்கைப் பிடித்தேன். "ம்ம்" போட்டேன். என் குரல்தான் வந்தது. திரும்பவும் முயன்றேன். அதுவேதான். அம்மா என் கையைப் பிடித்து மூக்கிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார்.

வராத குரல் கிடையாது என்று நவம்பர் ஐந்தாம் தேதி எழுதியிருக்கிறேன். திருத்தம்: ஒன்று வராது. எழுதுகிறபோதே இன்னொன்றையும் திருத்திவிடுகிறேன். பெரட்டுக் களத்திலிருந்து அன்று வீட்டுக்குத் திரும்பியது ஆறு பேர் இல்லை. பூரணி அக்கா மட்டும்தான் திரும்பினார். அதுவும் குடை எடுக்க.