தேடல் பெட்டிக்கு நீ வைத்த வணக்கம்

பாய்,

இன்று காலை கோன் ஐஸ் மிஷினின் கைப்பிடி ஓரத்தில் பால் சொட்ட ஆரம்பித்தது. வெனிலா வாசனை கோட்டை ரோடு வரைக்கும் போய், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். சொட்டுக்கு அடியில் ஒரு டம்ளரை வைத்துவிட்டு, நம் கடை போனை எடுத்தேன். மிஷின் கம்பெனிக்காரனுடைய உதவிப் பக்கத்தைத் திறந்து, 'உங்கள் பிரச்சினையைத் தேடுங்கள்' என்ற பெட்டியைத் தொட்டேன். ஓர் எழுத்துகூட அடிக்கவில்லை. அதற்குள் பெட்டிக்குக் கீழே நீ வந்து நின்றாய்.

'ஐயா வணக்கம். நல்லா இருக்கீங்களா. வீட்ல எல்லாரும்...'

எப்போதோ நீ அடித்தது. போன் ஞாபகமாக எடுத்து வைத்திருந்திருக்கிறது. சின்னத் திரை, அதற்கு மேல் இடம் இல்லை. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. டம்ளர் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது.

நான் அஞ்சாங்கிளாஸோடு நின்றவன். நீ எட்டு வரைக்கும் போனவன். அதனால் நம் கடையில் எழுத்து வேலை உன்னுடையது, வாய் வேலை என்னுடையது. அந்தப் பெட்டியில் ரெண்டு வார்த்தை போட்டால் போதும் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். நீ கேட்டதே இல்லை. பெரிய அதிகாரிக்கு மனு எழுதுகிற மாதிரி ஆரம்பிப்பாய்.

"யோவ் பாய், அதுக்குள்ள ஆளே கிடையாதுய்யா."

"ஆள் இல்லாமயா பதில் வருது? எடுத்த எடுப்புல என் மிஷினப் பாருன்னா எவன் சொல்லுவான்? மொதல்ல சௌக்கியம் கேக்கணும் மச்சான்."

"அப்ப சலாம் போடறதுதானே?"

"உள்ள யார் உக்காந்துக்கினு இருக்கானோ. வணக்கம்னா பொதுவா இருக்கும்."

உன் வணக்கத்துக்கு அவன் தவறாமல் ஒரே பதில்தான் சொல்வான்: 'முடிவுகள் எதுவும் இல்லை.' நீயும் விடமாட்டாய். சௌக்கியத்தை இன்னும் கொஞ்சம் நீட்டி எழுதிப் பார்ப்பாய்.

செல்வி கல்யாணத்தன்று உன் மரியாதை நம் இருவரையும் கவிழ்க்கப் பார்த்தது. பஸ் ஸ்டாண்டில் பழக்கடை போட்டிருக்கும் அமுதாவின் பெண் அவள். பள்ளிக்கூடம் விட்டதும் நம் தள்ளுவண்டிக்கு வந்து கோனை வாங்கி, பாதி தின்பாள், பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொள்வாள். "என் கல்யாணத்துக்கு நீதான் ஐஸ் போடணும், பாய் மாமா" என்று அப்போதே உன்னிடம் சொல் வாங்கி வைத்திருந்தாள். சின்னப் பெண்ணுக்குக் கொடுத்த சொல்தானே என்று நீ மறக்கவில்லை. மாப்பிள்ளை வீடு முடிவானதுமே நீயாகப் போய், பந்தி முடிந்து வருகிற அத்தனை பேருக்கும் கோன் நம்முடையது என்று அமுதாவிடம் சொல்லிவிட்டு வந்தாய்.

வல்லத்தில் கல்யாண மண்டபம். மிஷினை இறக்கி, கரண்ட் கொடுத்து, பாலை ஊற்றினோம். முதல் பந்திக்கு இலை போடும் நேரத்தில் கைப்பிடியை இழுத்தால் ஒன்றும் வரவில்லை. உள்ளே கலக்குகிற தண்டு சுற்றாமல் உறுமியது. மூடியைத் திறந்து பார்த்தால் பால் செஞ்சி மலைப் பாறை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கம்பெனி நம்பருக்குப் போட்டால், எல்லோரும் வேலையாக இருக்கிறார்கள், உதவிப் பக்கத்தைப் பாருங்கள் என்று ஒரு பெண் குரல் பாட்டுக்கு நடுவில் சொல்லிக்கொண்டே இருந்தது.

பட்டுப்புடவையும் மாலையுமாக இருந்த செல்வி மேடையிலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள்.

"மாமா, மிஷின் ரெடியா?"

"ரெடிம்மா. கொஞ்சம் சூடேறினு இருக்குது."

அவள் போனதும் நான் உன்னைப் பார்த்தேன். "ஐஸ் மிஷினுக்கு இன்னாய்யா சூடு?"

"சும்மா இரு மச்சான். அந்தப் பொண்ணு மூஞ்சப் பாத்து எனக்கு வேற வார்த்த வரல."

நீ போனை எடுத்தாய். அந்த அவசரத்திலும் வணக்கத்தைக் குறைக்கவில்லை. வணக்கம், சௌக்கியம், இன்று ஒரு கல்யாணம், மணப்பெண் எங்களுக்கு மகள் மாதிரி, தயவுசெய்து உதவவும் என்று ஒரு பக்கம் அடித்தாய். முடிவுகள் எதுவும் இல்லை. 'மிஷின் பளுது' என்று அடித்தாய். நம் வாயில் ழ எங்கே இருக்கிறது? நீங்கள் தேடியது 'பளு'வா என்று அதுவே கேட்டு, சமையலறைத் தராசைப் பற்றி வரிசையாகக் கட்டுரை காட்டியது. 'பால் கல்லாயிடுச்சி' என்றாய். கிரைண்டர் கல்லைக் கழற்றிக் கழுவுவது எப்படி என்று படத்தோடு வந்தது. அதையும் முழுசாகப் படித்தாய். கடைசியில், 'இந்தக் கட்டுரை உதவியாக இருந்ததா?' என்று கேட்டதற்கு 'ஆம்' என்று அமுக்கினாய்.

"யோவ், இதுல இன்னா உதவி கண்ட நீ?"

"எழுதினவன் இன்னா பாவம் பண்ணான்? கிரைண்டரப் பத்தி நல்லாத்தான் எழுதிக்கிறான்."

முதல் பந்தியில் பாயசம் வந்துவிட்டது. பயம் வந்தால் என் வாய் இன்னும் நீளும் என்பது உனக்குத் தெரியும். "நாம ஐஸ் கேட்டா தராசக் காட்டறான், கிரைண்டரக் காட்டறான். அடுத்தது மிக்சி வரும் பாரு. பொண்ணுக்கு சீர்வரிசயா குடுக்கறான்? எல்லாமே வூட்டு சாமானாவே வருது."

நீ நிமிர்ந்து பார்த்தாய். மெல்லக் கட்டை விரலால் திரையைக் கீழே தள்ளினாய். 'எங்கே பயன்படுத்துகிறீர்கள்?' என்று ஒரு கேள்வி. வீடு, வணிகம் என்று ரெண்டு கட்டம். வீடு என்பதில் டிக் அடித்திருந்தது.

"யாரு வச்சது இத்த?"

"நான்தான். மிஷின் வாங்கின அன்னிக்கே."

"ஏன்?"

"சாயங்காலமானா வண்டியத் தள்ளிக்கினு எங்க போறோம்? என் வூட்டுக்கு. மிஷின் வூட்லதானே இருக்குது? கடைன்னு போட்டா கதவு எங்க, பூட்டு எங்கன்னு கேக்க மாட்டானா? பொய் சொல்லக் கூடாது மச்சான்."

அன்றிலிருந்து நாம் எதைத் தேடினாலும் அடுப்படிச் சாமானாகவே வந்த காரணம் அப்போதுதான் விளங்கியது. அந்த டிக்கை எடுத்தேன். வணிகம் என்பதை அமுக்கினேன். பெட்டியில் ரெண்டே வார்த்தை போடச் சொன்னேன். நீ 'பால் இறுகுது' என்று மட்டும் அடித்துவிட்டு, மனசு கேட்காமல் போனிடம் வாயாலேயே, "வணக்கம்யா, கோச்சிக்காத, அவசரம்" என்றாய்.

முதல் வரியிலேயே இருந்தது பதில். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'கலவை இறுகினால், அதில் சர்க்கரை குறைவாக உள்ளதா எனப் பாருங்கள்.'

நீ வேறு பக்கம் திரும்பிக்கொண்டாய்.

"பாய்."

"ம்."

"சக்கர எவ்ளோ போட்ட?"

"எப்பவும் போடறதுல பாதி."

"இன்னாத்துக்கு?"

"எனக்கு சுகர் வந்ததுலேர்ந்து யாரப் பாத்தாலும் பாவமா இருக்குது. கல்யாணத்துக்கு வந்த ஜனங்க, நோயோட போவக் கூடாதுல்ல."

மண்டபத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டதென்று ஓடி வந்தார்கள். கட்டுரை சொன்னபடி குளிரை நிறுத்தி, இறுகினதை இளகவிட்டு, எல்லாவற்றையும் வடித்து, சமையல்காரரிடம் சர்க்கரை கேட்டு வாங்கி, சரியான அளவுக்குக் கரைத்து மறுபடி ஊற்றினோம். ரெண்டாவது பந்தி கை கழுவ எழுந்தபோது கைப்பிடியை இழுத்தாய். வெள்ளையாகச் சுருண்டு இறங்கியது. முதல் கோன் செல்விக்கு. அவள் வழக்கம்போல் பாதியை மாலையில் ஊற்றிக்கொண்டு, "அதே ருசி மாமா" என்றாள். நீ அந்தக் கட்டுரையைத் தேடிப் பிடித்து, 'ஆம்' என்று ஒரு தரம் அமுக்கினாய். அது போதவில்லை போல, இன்னொரு தரமும் அமுக்கிப் பார்த்தாய்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தபோதும் ஊசி போட வந்த நர்ஸம்மாவிடம், "வீட்ல எல்லாரும் சௌக்கியமாம்மா?" என்றுதான் கேட்டாய். அந்தம்மா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே தன் மாமியார் கதை முழுவதையும் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாய். 'உள்ள ஆள் இருக்குது பாத்தியா' என்று அர்த்தம்.

இன்றைக்கு வந்த சொட்டலுக்குக் காரணம் தேய்ந்துபோன ரப்பர் வளையம். முதலில் 'ஐயா வணக்கம், பால் ஒழுகுது' என்று அடித்தேன். முடிவுகள் எதுவும் இல்லை. வணக்கத்தை எடுத்ததும் பதில் வந்துவிட்டது. வளையத்தை மாற்றினேன், 'ஆம்' என்று அமுக்கினேன். நீ போனபிறகு ஒரு கட்டுரைக்குக்கூட நான் 'இல்லை' போட்டதில்லை. சர்க்கரையும் குறைக்கவில்லை, பயப்படாதே.

போன் ரொம்ப மெதுவாகிவிட்டது, பழைய தேடல்களை அழித்துவிடலாம் என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள். மெதுவாகவே இருக்கட்டும். தினம் காலையில் வண்டியை நிறுத்தியதும், தேட ஒன்றும் இல்லாவிட்டாலும், அந்தப் பெட்டியை ஒரு தரம் தொடப் போகிறேன். நல்லா இருக்கீங்களா, வீட்ல எல்லாரும் என்று நீ கேட்பாய்.

எல்லாரும் சௌக்கியம் பாய். நானும் நல்லாத்தான் இருக்கிறேன்.