வாய்க்காலில் போன இரும்பு யானை

3 ஜூன் 2025, செவ்வாய்

சோறு அடிப்பிடித்துவிட்டது. காரணம் ஓர் இரும்பு யானை என்றால் யார் நம்புவார்கள்?

மகள் தர்சினி பள்ளிக்கூட நூலகத்திலிருந்து ஒரு கதைப் புத்தகம் கொண்டுவந்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான புத்தகம். அட்டையில் துதிக்கையால் புகை விடும் ஒரு யானை. ஒரு பக்கம் பார்ப்போம் என்று குசினிக்குள் நின்றபடி திறந்தேன், அவ்வளவுதான்!

நடக்காத ஒரு சரித்திரம் அது. வெள்ளைக்காரனால் வன்னிக்குள் கால் வைக்கவே முடியாமல் போன ஒரு 1890. நீராவியில் நடக்கும் யானைகள், பனங்கொட்டைக் கரியில் பறக்கும் கப்பல்கள். கிளிநொச்சியில், இப்போது பஸ் நிற்கிற இடத்தில், வானக் கப்பல் வந்து இறங்குகிறது! கொம்பன் என்ற யானையை ஓட்டுகிறவள் பதினாலு வயது வல்லி. என்ன வாய் அவளுக்கு! தளபதிக்கே திருப்பிச் சொல்கிறாள்.

ஓ.எல். பரீட்சை எழுதவேண்டிய வருடம் சண்டையில் இடம்பெயர்ந்ததோடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு கதையையும் நான் கடைசிவரை வாசித்ததில்லை. இதை வாசிப்பேன்.

"கண்டறியாத புத்தகம். பிள்ளையிட்டப் பறிச்சு வாசிக்கிற தாயை இப்பதான் பாக்கிறன்," என்றார் இவர். சொல்லட்டும்.

4 ஜூன்

மாட்டுக்குத் தண்ணீர் வைக்க மறந்துபோனேன். ஆனால் வல்லி தப்பிவிட்டாள்!

5 ஜூன்

ஐயோ! கொம்பன் ஆனையிறவில் நடுக்கடலேரிக்குள் நிற்கிறது. மேலே எதிரியின் வானக் கப்பல்கள். சுற்றிவர எவ்வளவு தண்ணீர், ஆனால் எல்லாம் உப்பு. உப்புத் தண்ணீர் போனால் கொதிகலன் அவ்வளவுதான். வல்லியிடம் ஒரேயொரு பீப்பா நல்ல தண்ணீர். பின்னால் சூரனின் யானை, அதிலே ஒரு சொட்டும் இல்லை. அவனுக்கும் இவளுக்கும் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து கதை பேச்சில்லை.

கொடுக்கப்போகிறாள் போலக் கிடக்கு. குடுக்காதை பிள்ளை! அவன் உனக்கு என்ன செய்தவன்?

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. தர்சினி தன் முறைக்குக் காத்திருக்கிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுக்கவேண்டுமாம்.

6 ஜூன், வெள்ளி

என்ன வேலை பார்த்தேன் நான்! விசரி, விசரி.

இன்றைக்கு எங்கள் தண்ணீர் முறை. மழையில்லாத சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் அளந்துதான் வரும், ஒவ்வொரு வயலுக்கும் ஒரு நேரம். இவர் விசுவமடுவுக்குப் போயிருந்தார். நான் வரம்பிலே தண்ணீர் புகும் வாயை, வக்கடையை, வெட்டித் தண்ணீரை வயலுக்குள் விட்டுவிட்டு வரம்பில் இருந்து புத்தகத்தை எடுத்தேன். கடைசி அத்தியாயத்தைத் திறப்பதற்கு முன்னால் ஆனையிறவு முழுவதையும் இன்னொருமுறை வாசித்தேன். நேரம் போனது தெரியவில்லை.

"ஜிம்மி! எங்கட முறை வந்து எவ்வளவு நேரமாச்சு? ஆக்களுக்கு வெக்கமும் இல்லை, ரோசமும் இல்லை!"

யோகலிங்கம் அண்ணை. எங்களுக்கு அடுத்த வயல்காரர், வாய்க்காலின் கடைசி. போன சிறுபோகம் இதே தண்ணீர்ச் சண்டையில் இவரும் அவரும் மண்வெட்டி தூக்கினதோடு இரண்டு வீட்டுக்கும் கதை இல்லை. ஏதாவது சொல்லவேண்டுமென்றால் அவர் தன் நாய் ஜிம்மிக்குச் சொல்வார், நாங்கள் எங்கள் வெள்ளைச்சிக்குச் சொல்லுவோம். மாடு பாவம்.

பதறிப்போய்ப் புத்தகத்தை வரம்பில் வைத்துவிட்டு மண்ணை வெட்டி வெட்டிப் போட்டு வக்கடையை அடைத்தேன். அடைத்ததும் மறித்த தண்ணீர் முழுக்க வாய்க்காலால் இரைந்துகொண்டு போனது. ஈர வரம்பு ஒரு பக்கம் இடிந்தது. புத்தகமும் போனது. யானை, வல்லி, கடைசி அத்தியாயம் எல்லாம் சேர்ந்து யோகலிங்கம் அண்ணையின் வயலுக்குள்.

போய்க் கேட்கலாம்தான். எப்படிக் கேட்பது?

7 ஜூன்

புத்தகம் அவரிடம்தான். வைக்கோலில் விரித்துக் காயப்போட்டிருக்கிறார். பக்கத்திலே குந்திக்கொண்டு, மூக்குக் கண்ணாடி போட்டு – வாசிக்கிறார்!!

8 ஜூன், ஞாயிறு

மனுசன் வேண்டுமென்றுதான் செய்கிறது. எனக்குக் கேட்கிற மாதிரி ஜிம்மிக்குக் கதை சொல்கிறார்.

"ஜிம்மி, அந்த வல்லிப் பெட்டை லேசுப்பட்டவள் இல்லை, என்ன? தளபதிக்கு நல்லாக் குடுத்தாள்."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "வெள்ளைச்சி, அது இரண்டாம் அத்தியாயம். இனித்தான் விசயமே கிடக்கு. சூரனை நம்பவேண்டாமெண்டு சொல்லு."

டப்பென்று புத்தகத்தை மூடும் சத்தம். பிறகு, "ஜிம்மி, முன்கூட்டிச் சொல்லிக் கதையைக் கெடுக்கிற ஆக்களோட சேராதை."

சிரிப்பை அடக்க முடியாமல் மாட்டின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஆனால் புத்தகம் இன்னும் அவரிடம். தர்சினி அழுகிறாள். "நீங்கள் போய்க் கேளுங்கோவன் அம்மா." இவரோ, "அந்தாளிட்டப் போய்ப் பல்லிளிச்சியோ, பிறகு நடக்கிறது வேற," என்கிறார்.

10 ஜூன்

நாய்க்குக் கதை சொல்லும் சத்தம் இன்றைக்கு இல்லை. பின்னேரம் மெல்ல ஒரு குரல்: "ஜிம்மி, ஆனையிறவோட நிக்குது. கடைசித் தாளெல்லாம் சேறு பிடிச்சு ஒட்டிப்போச்சு. இழுத்தாக் கிழியும்போல. என்ன செய்யிறதெண்டு ஆரிட்டக் கேக்கிறது?"

அவருக்கும் முடிவு தெரியாது! வல்லி அந்தப் பீப்பாவோடு அங்கேயே நிற்கிறாள். அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை, நான் அந்தப் பக்கம் பார்த்தேன்.

சீ, போகட்டும் ரோசம். மாட்டை விட்டுவிட்டு நேரே சொன்னேன்: "அண்ணை, நாளைக்குப் பின்னேரம் புத்தகத்தைக் கொண்டு வீட்டை வாங்கோ. புட்டு அவிக்கிற ஆவியில காட்டினாத் தாள் விடும்."

அவர் ஜிம்மியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஓம்," என்றார்.

11 ஜூன், புதன்

வந்தார்! படலையடியில் செருமினார். இவர் பார்த்துவிட்டு, கதிரையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய் முதுகு காட்டி இருந்துகொண்டார்.

குசினிக்குள் நாங்கள் மூன்று பேர். பானையில் ஆவி வர, யோகலிங்கம் அண்ணை புத்தகத்தைப் பிடித்தார், தர்சினி தாளை ஒவ்வொன்றாக உரித்தாள், உரிக்க உரிக்க நான் வாசித்தேன். நீராவி யானையின் கதை நீராவியிலேயே திறந்தது.

வல்லி பீப்பாவைத் திறக்கிறாள். பாதியைக் கொம்பனுக்கு ஊற்றுகிறாள். மிச்சத்தைச் சூரனுக்கு நீட்டுகிறாள்!

"விசர்ப் பெட்டை! தன்ர தண்ணியை ஆரும் குடுப்பினமோ?" என்று கத்தினார் யோகலிங்கம் அண்ணை.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் புத்தகத்தை ஆவிக்கு இன்னும் கிட்டப் பிடித்தார். அடுத்த தாள் விட மறுத்தது.

முற்றத்திலிருந்து ஒரு சத்தம்: "பிறகு? எடியே, பிறகு என்ன நடந்தது? கெதியா வாசியன்!"

இவர்தான். கதிரை இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

இரண்டு யானையும் அரைப் பீப்பா அரைப் பீப்பாத் தண்ணீரில் முக்கி முனகிக் கரையேறின. கரையில் வந்தபிறகும் சூரன் நன்றி சொல்லவில்லை, கொம்பனின் காலில் ஏறின சேற்றைத்தான் தட்டிவிட்டான். நான் அழுதேன். அழுதால் யாருக்கென்ன? பதினேழு வருடத்துக்குப் பிறகு ஒரு கதையை முடித்திருக்கிறேன். யோகலிங்கம் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ஆவி பட்டதாம். அந்தப் புட்டை எல்லோருமாகச் சாப்பிட்டோம். இவர்தான் அவருக்குச் சம்பல் போட்டார்.

12 ஜூன்

தர்சினி ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள். சூரன் பாவமாம். நானும் அவளும் சண்டை.

13 ஜூன், வெள்ளி

புத்தகம் நூலகத்துக்குப் போய்விட்டது. தாள்கள் அப்பளம் போல நெளிந்திருந்ததைப் பார்த்து மிஸ் ஏசினாவாம். நியாயம்தான்.

இன்றைக்கும் எங்கள் முறை. வரம்பில் சும்மா இருந்தேன், கைக்கு வேலை இல்லாத மாதிரி இருந்தது. வயல் ஓரளவுக்கு நிரம்பியது. நேரம் இன்னும் கிடந்தது. எழும்பி வக்கடையை அடைத்துவிட்டேன். இவர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மண் எடுத்துத் தந்தார்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. யோகலிங்கம் அண்ணை.

"என்ன தங்கச்சி, தண்ணி நேரத்துக்கு முதலே வருது? அடுத்த புத்தகம் ஏதும் வந்திட்டுதோ?"

"இல்லை அண்ணை."

"வந்தா, அதையும் வாய்க்காலில விடு."