மணிச் சத்தம் கேட்காத அக்காவுக்கு

அக்கா,

சப்பாத்துக்குப் பூசும் வெள்ளையின் வாடை வீடு முழுக்க அடிக்கிறது. என் மகனின் பெண் செலின், பள்ளிச் சப்பாத்தில் ஒன்றுக்கு மட்டும் பூசிவிட்டு, பிரஷைப் பிடித்தபடி வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டுப் பார்த்தேன்; திரும்பவில்லை. உன் கழுத்து, உன் தோள்.

கான்வென்ட் சிற்றாலயத்தில் நீயும் இப்படித்தான் ஜன்னலைப் பார்த்து நிற்பாய். குடை தொலையும், கணக்கு பாதியில் நிற்கும், நீ அசையமாட்டாய். அதை ஜெபம் என்று நினைத்தார்கள். "இந்தப் பிள்ளைக்கு அழைப்பு இருக்கு" என்று மதர் சொன்னதும் அப்பா ரப்பர் தோட்டத்துக்கே விருந்து வைத்தார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மகள் கன்னியாஸ்திரி ஆகப்போகிறாள் என்றால் சும்மாவா?

ஒரே வருடத்தில் மடத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். மணி அடித்தால் வருவதில்லை, கொடுத்த வேலையை முடிப்பதில்லை என்றார்கள். கோலா கெத்தில் பட்டணத்து பஸ் நிறுத்தத்தில் பெட்டியோடு இறங்கிய உன்னை ஏறிட்டும் பாராமல் அப்பா முன்னால் நடந்தார். மறுநாள் துணி அலசும்போது என்னிடம் சொன்னாய்: "மணி அடிச்சது எனக்குக் கேக்கவே இல்ல, பாப்பா. ஆண்டவருக்கே நான் வேணாம் போல." பிறகு கல்யாணமும் வேண்டாம் என்றாய். கோயிலில் கடைசி பெஞ்சைத் தாண்டி நீ முன்னால் வந்ததே இல்லை.

உன்னை நினைத்துத்தான் செலினை டாக்டரிடம் காட்டச் சொன்னேன்; மகன் ஒப்பவில்லை. "அவ ஓடல, ஆடல, டீச்சரே குட் கேர்ள்னு சொல்றாங்க. அவளுக்கு என்னம்மா குறை?" என்றான். விடவில்லை, அழைத்துப்போனேன். ஏடிஎச்டி என்கிற கவனக் குறைபாடு என்றால் எல்லாப் பிள்ளையும் துள்ளாது என்றார் டாக்டர். சிலருக்கு உடம்பு அடங்கியிருக்கும், கவனம்தான் நழுவிக்கொண்டே இருக்கும். பெண்பிள்ளைகள் சத்தமில்லாமல் இருப்பதால் பலரும் கண்டுகொள்வதில்லை. அது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. பள்ளியிலும் விசாரித்துவிட்டுத்தான் உறுதியாகச் சொல்வாராம்.

ஞாயிறு பூசை முடிந்து, ஓர் அம்மாள் செலினின் கன்னத்தைத் தட்டினாள். "எவ்ளோ அடக்கம்! சிஸ்டராக்கிடுங்க லா."

"டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றேன். அவள் முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

உனக்கும் இதுதானா என்று இனி எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஆண்டவர் உன்னை ஒதுக்கிவிட்டார் என்று கடைசி மூச்சுவரை நம்பினாய். அந்த நம்பிக்கையையும் உன்னோடு புதைத்துவிட்டு வந்ததாக நினைத்தேன். இல்லை அக்கா, அதன் பாரம் என்னிடம்தான் இருக்கிறது.